ஸ்பீக்கருக்குப் போர்த்திய பொன்னாடை

சுபைருடைய வலது காது முக்கால்வாசி போய்விட்டது, இடது காதும் அதன் பின்னாலேயே கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று காது டாக்டர் சொன்ன அன்று, அவர் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இருந்த தன் செருப்புக் கடையை மதியமே சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். டாக்டர் நல்ல மனிதர். பூசி மெழுகிப் பேசத் தெரியாதவர். "மெஷின் வெச்சிக்கினா பேச்சு கேக்கும் பாய். பாட்டு கேக்கறது கஷ்டம். கேக்கணும்னு இருக்கறத எல்லாம் இந்த வருசத்துக்குள்ள கேட்டு முடிச்சிடுங்க" என்று, உப்பைக் குறைக்கச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுபைருக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் உறவினர் கல்யாணத்துக்குச் சென்னை போனவர், வெயிலுக்கு ஒதுங்க ஏசி போட்ட ஒரு கடைக்குள் நுழைந்தார். அது உயர்ந்த ரக ஒலிக் கருவிகள் விற்கிற கடை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வரும். அன்றைக்குப் புல்லாங்குழலுக்கு முன்னால் வேறொன்று வந்தது. குழல் ஊதுகிறவர் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். எப்போதோ, எங்கேயோ, முகம் தெரியாத ஒரு மனுஷன் இழுத்த மூச்சு. அது சுபைரின் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊருக்கு வந்து மனைவி ஜெபீனாவிடம் இதைச் சொன்னபோது அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "மூச்சு வுடற சத்தம் கேக்கவா மெட்ராஸ் போனீங்க? நீங்க தூங்கசொல்ல நான் தினம் கேட்டுக்கினுதான் கெடக்கறேன்" என்றாள்.

அவளை அந்த மூச்சைக் கேட்கவைக்க வேண்டும். அவள் கேட்கும்போது தானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். காது போவதற்குள் நடக்கவேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சுபைர் போட்ட திட்டம் இவ்வளவுதான். இதில் சிக்கல் வரும் என்று எந்த மனிதனுக்கும் தோன்றாது. ஒரு பாட்டு, இரண்டு பேர், ஒரு மூச்சு.

கச்சிராயபாளையம் சாலையில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றார். செட்டு வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், அடுக்கடுக்காகக் கறுப்புப் பெட்டிகள். மாடி அறையில் எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, கூட வந்த கடைப் பையன் ஒரு விஷயத்தைச் சொன்னான். பாட்டைப் போடுவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளைத் திறப்பதற்கு விரல் நீளத்தில் ஒரு சாவி செருகவேண்டும். செட்டு வாங்கியவர் கையில் அந்தச் சாவியைத் தரமாட்டார்கள். அந்தந்த வட்டாரத்தில் அங்கீகாரம் பெற்ற ரசிகர் பேரவையிடம் தருவார்கள். பேரவை வந்து, எந்த மென்பொருள் இந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் சாவி வீட்டுக்காரருக்கு.

"நான் வாங்கின செட்டுப்பா" என்றார் சுபைர்.

"செட்டு உங்களுதுதாங்க. ஆனா தப்பான சாஃப்ட்வேர போட்டு நீங்க தப்பா கேட்டுட்டீங்கன்னா கம்பெனி பேரு கெட்டுடுங்களே" என்றான் அவன்.

கள்ளக்குறிச்சியில் அப்படி ஒரு பேரவை இருப்பது சுபைருக்கு அதுவரை தெரியாது. கள்ளக்குறிச்சிக்கே தெரியாது. 'கள்ளக்குறிச்சி வட்டார உயர்தர இல்ல ஒலி ரசிகர் பேரவை' என்று அதற்குப் பெயர். தலைவர் வடக்கனந்தல் இருசப்பன், போர்வெல் லாரி முதலாளி. பாறையைக் குடைகிற சத்தத்துக்குப் பக்கத்திலேயே காலம் முழுக்க நின்றவர். நுண்ணிய ஒலிகளைப் பற்றி அவர் பேசினால் அடுத்த தெருவரைக்கும் கேட்கும். செயலாளர் கலையரசன், எங்கேயோ தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், தணிக்கைக்கு இல்லை. தொழில்நுட்ப நிபுணர் அஜித்குமார், துருகம் சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற இளைஞர். இவர்கள் போகப் பத்துப் பதினைந்து உறுப்பினர்கள். யாரிடமும் அப்படி ஒரு செட்டு கிடையாது. சுபைர் வாங்கியதுதான் வட்டாரத்துக்கே முதல் செட்டு. இத்தனை காலமாகக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமலே பேரவை ஒழுங்காக நடந்து வந்திருக்கிறது.

முதல் அமர்வுக்கு வீட்டு வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், உறுப்பினர்கள் அத்தனை பேரும் வட்டவட்டமாக இருந்தார்கள், ஓர் ஓரத்தில் ஸ்பீக்கர்கூட இருந்தது. சுபைர் இல்லை. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் வரிசையாக இருந்தன. வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்கும் நடுவில், நேரம் இருந்தால், மதிப்பீடு.

எல்லாருக்கும் எல்லாரும் பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை வைத்த, கனமான, கம்பளி கலந்த பொன்னாடைகள். பிறகு இருசப்பன் எழுந்து ஸ்பீக்கர்களின் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த இரண்டு பெட்டிகளும் நமது அவைக்கு வந்திருக்கிற சிறப்பு விருந்தினர்கள். அவர்கள் பேசத்தான் நாம் கூடியிருக்கிறோம். பேச வந்த விருந்தினரை வெறும் தோளோடு நிற்கவைப்பது இந்த மண்ணுக்கு அழகல்ல" என்று சொல்லி, ஆளுக்கொன்றாக இரண்டு ஸ்பீக்கருக்கும் பொன்னாடையைத் தலையோடு கால் போர்த்தி, முன்னால் முடிச்சும் போட்டார். கைதட்டல் எழுந்தது. புகைப்படம் எடுத்தார்கள்.

சுபைர் தன் பாட்டைப் போடச் சொன்னார். கலையரசன் சிரித்தார்.

"பாட்டு போட்டா உணர்ச்சி வந்துடும் பாய். உணர்ச்சி வந்தா மதிப்பீடு கெட்டுடும். பேரவை விதி அப்படி. சான்றிதழ் குடுக்கற அன்னிக்கு வூட்டுக்காரருக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணு கட்டாயம் உண்டு. அதுவரைக்கும் நடுநிலையான ஒலி எதுவோ அதத்தான் போடுவோம்."

நடுநிலையான ஒலி என்பது தலைவர் போன ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. அஜித்குமார் அதைத் தன் மடிக்கணினியில் கொண்டுவந்திருந்தார். கலையரசன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் செருகினார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவர் பேசுவதுபோல, இருசப்பனின் குரல் பொன்னாடைக்குள்ளிருந்து முனகிக்கொண்டு வந்தது.

உரை முடிந்ததும் அஜித்குமார் கண்ணைத் திறந்தார். "மேல் ஒலி ரொம்பக் கம்மிங்க. கீழ் ஒலி ஜாஸ்தி. முன்னால ஒரு திரை போட்ட மாதிரி இருக்குது. இந்த சாஃப்ட்வேர் மந்தம்" என்றார். உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் திரை என்ற சொல்லைப் பாராட்டினார்.

சுபைர் எழுந்தார். "இல்லீங்க, அந்தத் துணிய எடுத்துட்டுப் போட்டா..."

நிக்காஹ் வீட்டில் யாரோ எழுந்து மாப்பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"துணியா?" என்றார் இருசப்பன்.

"அவையில போர்த்துன பொன்னாடைய நிகழ்ச்சி முடியறதுக்கு முன்னால எடுக்கற வழக்கம் கெடையாது பாய்" என்றார் கலையரசன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "சான்றிதழ் குடுத்தாதான் இந்த நிகழ்ச்சி முடிஞ்ச கணக்கு." பிறகு அவை பக்கம் திரும்பி, ஆக்கபூர்வமான கருத்தைத் தெரிவித்த வீட்டுக்காரருக்கு ஒரு பொன்னாடை போர்த்தும்படி கேட்டுக்கொண்டார். சுபைருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கருத்தை அத்துடன் விட்டுவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு ஜெபீனா மாடிக்கு வந்து அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சின்மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தது. மதிப்பீட்டுச் சூழல் மாறிவிடக்கூடாது என்று செயலாளர் படியிறங்குமுன் செய்துவிட்டுப் போயிருக்கிறார். "பொணத்துக்குக்கூட மூஞ்சிய தெறந்து வெப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீழே போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அமர்வு நடந்தது. ஒவ்வொரு அமர்விலும் ஒரு புது மென்பொருள், ஒவ்வொரு அமர்விலும் ஸ்பீக்கர்களுக்கு ஒரு புதுப் பொன்னாடை. பழையதை எடுக்க வழக்கம் இல்லாததால் புதியது அதன் மேலேயே ஏறியது. வாரத்துக்கு வாரம் ஸ்பீக்கர்கள் குண்டாகிக்கொண்டே போயின. வாரத்துக்கு வாரம் மென்பொருள்கள் மந்தமாகிக்கொண்டே போயின. இந்தக் காலத்து மென்பொருள்களின் தரம் சரிந்துவருவதுபற்றி இருசப்பன் ஒரு முழு உரை ஆற்றினார். அந்த உரையையும் பதிவு செய்து அடுத்த வாரம் அதையே போட்டுக் கேட்டார்கள்.

மந்தத்துக்குக் காரணம் தேட ஒரு துணைக்குழு போட்டார்கள். அது முதலில் ஜெபீனாவின் குக்கரைச் சந்தேகப்பட்டது. பிறகு மிக்சியை. மீன் வறுத்த அன்றைக்கு ஒலியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாக ஓர் உறுப்பினர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அமர்வு நாளில் அந்த வீட்டில் சமைக்கக்கூடாது என்று தீர்மானம் வந்தது. ஆனால் வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். ஜெபீனா அடுத்த தெருவில் அக்கா கமர் ஜஹான் வீட்டில் பிரியாணி செய்து, அண்டாவோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பிரியாணியைப் பற்றி மட்டும் பேரவையில் மாற்றுக் கருத்து இருந்ததே இல்லை.

அடுத்து, தெருவில் போகிற கரும்பு லாரி. அதற்கடுத்து, ஊர் கரண்ட். கள்ளக்குறிச்சிக் கரண்டில் ஒரு கரகரப்பு இருக்கிறது என்று அஜித்குமார் சுவரில் காதை வைத்துக் கேட்டுச் சொன்னார். ஒருவழியாக ஒரு மென்பொருளை எல்லாரும் சுமார் என்று ஒத்துக்கொண்டு, சான்றிதழ் எழுதக் கலையரசன் பேனாவைத் திறந்தபோது, மடிக்கணினியில் ஒரு மணி அடித்தது.

"அப்டேட் வந்துட்டுதுங்க" என்றார் அஜித்குமார்.

மென்பொருளில் புதுப் பதிப்பு வந்தால் பழைய மதிப்பீடு செல்லாது. விதி அப்படி. முதல் அமர்விலிருந்து திரும்ப ஆரம்பிக்கவேண்டும். வரவேற்புரையிலிருந்து. சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. சுபைருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் காது சொன்ன சொல் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்கான பாங்கு எப்போது சொன்னார்கள் என்று பக்கத்துக் கடையைக் கேட்க வேண்டியதாயிற்று. ஜெபீனா படியில் நின்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, நேரில் வந்து தோளைத் தொட ஆரம்பித்தாள். டாக்டர் சொன்ன மெஷினை சுபைர் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு அமர்வுக்குப் போன அன்று அஜித்குமார் பதறிப்போனார். காது மெஷினிலிருந்து அலை கிளம்பி ஒலியைக் கெடுத்துவிடுமாம். கேட்பு அறைக்குள் வருகிறவர்கள் காது மெஷினைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்று அன்றே விதியில் ஒரு வரி சேர்ந்தது. சுபைர் அதைக் கழற்றிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கலையரசனின் வீட்டுக்கே போனார். அன்று மெஷின் காதில் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, எனக்குச் சான்றிதழ் வேணாங்க. ஒரே ஒரு பாட்டு. ஒரு தடவ. நானும் என் வூட்டுக்காரியும் கேட்டுட்டு சாவிய உங்க கையிலயே குடுத்துடறோம். எனக்குக் காது போய்க்கினே இருக்குதுங்க."

கலையரசன் கல் நெஞ்சுக்காரர் இல்லை. அவர் முகத்தில் வருத்தம் நிஜமாகவே வந்தது. "புரியுது பாய். எனக்கு மனசு இல்லன்னு நெனைக்காதீங்க" என்றார். "ஆனா நீங்களே யோசிங்க. மதிப்பீடு பண்ணாமலே நீங்க பாட்டு கேட்டு, அது உங்களுக்குப் புடிச்சும் போயிடுச்சின்னு வெச்சிக்கோங்க. அப்புறம் பேரவை எதுக்கு? நாங்க ஒரு சாஃப்ட்வேர வேணாம்னு சொல்றோம், அதுல நீங்க சந்தோசமா பாட்டு கேட்டுக்கினு இருக்கறீங்க. வெளிய தெரிஞ்சா எவ்ளோ அசிங்கம்? கேக்கறது யார் வேணா கேக்கலாம் பாய். கேக்க வுடாம தரத்த காப்பாத்தறது இருக்குதே, அதுக்குத்தான் அமைப்பு வேணும்."

வீட்டுக்கு வந்து சுபைர் இதை ஒரு வார்த்தை விடாமல் ஜெபீனாவிடம் சொன்னார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் அந்தப் பாட்ட போன்ல கேட்டேங்க. நாலஞ்சி தடவ கேட்டேன். மூச்சு வரல" என்றாள். அவள் தேடியிருக்கிறாள் என்பதே சுபைருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மார்கழி பிறந்ததும் துணைக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. குறை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. காற்றில் தூசி, கரண்டில் கரகரப்பு, தெருவில் லாரி. ஆகவே கல்வராயன் மலைமேல், கரியாலூரில் இருசப்பனின் சம்பந்தி கட்டிப் போட்டிருக்கும் வீட்டில், செட்டை வைத்து இறுதி அமர்வு. சுபைர் ஒத்துக்கொண்டார். அந்த நிலையில் செட்டைக் கிணற்றுக்குள் இறக்கிப் போடவேண்டும் என்று சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார்.

செட்டு ஒரு மினி லாரியில் பொன்னாடைகளோடு ஏறியது. பேரவை ஒரு வேனில் ஏறியது. சுபைரும் ஜெபீனாவும் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஜெபீனா ஏதோ சொன்னாள். மெஷின் இருந்தும் வண்டி இரைச்சலில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வரும்போதே இடது காதுக்குள் அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. மலை ஏறுவதால் இருக்கும், இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலையிலும் அடைப்பு விடவில்லை.

அன்றைக்குக் குளிர் எலும்பைத் தொட்டது. வீட்டுக்கு ஜன்னல் கதவு இன்னும் போடவில்லை. பனி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. பேரவையில் யாரும் ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை, ஏனென்றால் நிரலில் ஸ்வெட்டர் இல்லை. வரவேற்புரையின்போதே ஓர் உறுப்பினருக்குப் பல் கிட்டிக்கொண்டது. தலைமையுரையில் இருசப்பனின் குரல் நடுங்கியது. உணர்ச்சிவசப்பட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு அவர் பேச்சை நிறுத்திவிட்டு, இடது பக்க ஸ்பீக்கர்கிட்டே போனார். ஒரு நிமிடம் யோசித்தார். அரக்கை நகத்தால் சுரண்டினார்.

"விருந்தினர் குளிர்ல நடுங்கறவங்களுக்குத் தன்னோட பொன்னாடைய மனமுவந்து குடுக்கறாரு" என்று அறிவித்துவிட்டு, மேலே இருந்ததை உருவித் தானே போர்த்திக்கொண்டார்.

அவ்வளவுதான். பேரவை மொத்தமும் எழுந்து போய் விருந்தினர்களைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கு நாலைந்து, குண்டானவர்களுக்கு அதற்கும் மேல். வருடம் முழுக்க ஏறியதெல்லாம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் இறங்கிவிட்டது. ஸ்பீக்கர்கள் சென்னைக் கடையில் நின்றதுபோல வெறுமனே நின்றன. கலையரசன் சாவியைச் செருகினார். தலைவர் உரை ஓடியது.

இருசப்பனின் குரல் பளிச்சென்று வந்தது. அவர் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. அஜித்குமார் துள்ளி எழுந்தார். "திரை போயிடுச்சிங்க. இந்தப் புது அப்டேட்டுதான். மலை உயரத்துக்கு இது அப்படியே பொருந்துது." இருசப்பன் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி, மலைக் காற்றின் தூய்மையைப் பற்றிப் பேசினார். தாங்களே ஸ்பீக்கரிலிருந்து உருவியதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், ஒலி சுத்தமானதற்குக் காரணம் எதுவாக இருக்கும் என்று அரைமணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் காற்றுக்குப் பாதி, அப்டேட்டுக்குப் பாதி என்று முடிவானது. இந்த மென்பொருள் கல்வராயன் மலைமேல் மட்டும் செல்லும் என்று சான்றிதழ் எழுதினார்கள். செட்டு இனி இங்கேயே இருக்கவேண்டும் என்று அதிலேயே ஒரு வரி.

மெஷின் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. சுபைருக்கு இதெல்லாம் வாய் அசைவாகத்தான் தெரிந்தது. ஆனால் கலையரசன் தன்னைப் பார்த்துச் சிரித்து, மடிக்கணினியைக் காட்டியது புரிந்தது. அவருடைய பாட்டு. அவர் ஜெபீனாவின் கையைப் பிடித்து இழுத்து, ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே, சென்னைக் கடையில் தன்னை உட்காரவைத்த அதே தூரத்தில் உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்திருக்கவேண்டும். உறுப்பினர்களின் தலைகள் ஆடின. சுபைர் காத்திருந்தார். அடைத்த காதுக்குள் பஞ்சு மூட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பதுபோல ஏதோ இருந்தது, பிறகு அதுவும் இல்லை. அவருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். எங்கே வந்திருக்கும் என்று உதட்டுக்குள் பாடிக்கொண்டே போனார். முதல் சரணம். பல்லவி. இப்போது.

ஜெபீனா அவர் கையை இறுக்கினாள். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்து, வாயைக் கொஞ்சமாகத் திறந்து, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினாள். பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

பாட்டு முடிந்ததும் கலையரசன் சான்றிதழோடு எழுந்தார். அத்துடன் பேரவையின் முதல் விருதான 'செவிச் செம்மல்' பட்டத்தை சுபைர் அவர்களுக்கு வழங்குவதாக அறிவித்து, தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அவருக்குத் தலையைச் சுற்றிக் காதை மூடி உடம்போடு போர்த்தினார். "பாய், ஒலியப் பத்தி நாலு வார்த்த சொல்லுங்க" என்றார்.

சுபைர் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபீனா எழுந்தாள். "அவருக்குக் கேக்கலைங்க" என்றாள். "ஒண்ணுமே கேக்கல. நீங்க பேசிக்கினே இருந்தீங்க, போயிடுச்சி."

அறையில் நிஜமாகவே ஒரு வருத்தம் பரவியது. இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அஜித்குமார் மடிக்கணினியை மூடினார். கலையரசன் பேனாவைத் திறந்து, சான்றிதழின் கீழே நிதானமாக எழுதி, எழுதியதை எழுந்து நின்று படித்தார்.

"இறுதி அமர்வில் வீட்டு உரிமையாளருக்கு ஒலி கேட்கவில்லை எனப் புகார் வரப்பெற்றதால், மேற்படி மென்பொருளுக்கு வழங்கிய சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது. முதல் அமர்விலிருந்து மறுமதிப்பீடு செய்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரும் தட்டுவதைப் பார்த்து, பொன்னாடைக்குள்ளிருந்து கையை எடுத்து, சுபைரும் தட்டினார்.